கல்யாணியை மறுபடி ஓட வைத்த பதினான்கு மாதங்கள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குதிரை கல்யாணி, வரிசையாகப் போட்ட ஆறு சவுக்குக் கம்புகளை ட்ராட்டில், அதாவது நடைக்கு அடுத்த வேகமான சீரோட்டத்தில், தாண்டினாள். இடப்பக்கம் மூன்று முறை, வலப்பக்கம் மூன்று முறை. ஒரு கம்புகூட அசையவில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக முன்னங்காலைத் தடவிப் பார்த்தேன். சூடு இல்லை, வீக்கம் இல்லை, நடையில் நொண்டலும் இல்லை. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பதினான்கு மாதமாக ஒரு நோட்டில் எழுதி வைத்த குறிப்புகள் இவை. எங்கள் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் நிறைய. காலில் அடிபட்ட குதிரைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்ல எல்லோருக்கும் தெரியும். ஓய்வு முடிந்து எலும்பும் தோலுமாக நிற்கும் குதிரையை எப்படித் தேற்றுவது என்று கேட்டால்தான் சொல்ல ஆள் இல்லை. நான் செய்த தவறுகளையும் விடாமல் எழுதுகிறேன். அவற்றில் இரண்டு கல்யாணிக்கு வலித்த தவறுகள்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். 2023 ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழாச் சந்தையில் அவளை வாங்கினோம். கத்தியவாரிப் பெட்டை, அப்போது எட்டு வயது. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். நாலு காலும் வெள்ளை, முகத்திலும் வெள்ளை, அதனால் பஞ்சகல்யாணி. கூட வந்த பெரியவர்கள் சுழி பார்த்தார்கள், எல்லாம் நல்ல சுழி என்றார்கள். சுழிக்கு ஒரு மணி நேரம் கொடுத்த நாங்கள் காலுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கவில்லை. அவள் முன்பு பந்தய வண்டியில் தார்ரோட்டில் ஓடியவள். சந்தையில் எடுத்த படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தால், இடது முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்பக்கம் லேசாகத் தடித்திருப்பது தெரிகிறது.

2024 காணும் பொங்கலன்று சாயங்காலம், அறுவடை முடிந்த வயலில் அவளைக் கொஞ்சம் வேகமாக விட்டேன். மேடும் பள்ளமுமான தரை. அன்றிரவு ஒன்றும் தெரியவில்லை. விடிந்து பார்த்தால் அதே இடத்தில் ஒரு வாழைக்காயை வைத்துக் கட்டின மாதிரி கால் வளைந்து வீங்கியிருந்தது. கை வைத்தால் கொதித்தது. ஊரில் இதை நரம்பு பிடித்துக்கொண்டது என்பார்கள். அது நரம்பு இல்லை, தசைநாண். தசையை எலும்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தோம். திரையில் சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய தசைநாணுக்கு நடுவே ஒரு கறுப்பு ஓட்டை. நார்கள் அறுந்த இடம் அது. முழுசாகத் தேற ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

முதல் இரண்டு வாரம் லாயத்தைவிட்டு வெளியே எடுக்கவில்லை. 12க்கு 12 அடி லாயம், கீழே ஒரு சாண் கனத்துக்கு நெல் உமி. போர்த் தண்ணீர் எங்கள் ஊரில் குளிராது, அதனால் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி உடைத்து, 20 லிட்டர் பெயின்ட் டப்பாவில் போட்டு, அதற்குள் காலை நிறுத்தினோம். காலையும் மாலையும் 20 நிமிடம். அப்புறம் ஈரத்தைத் துடைத்துவிட்டு இரண்டு முன்னங்காலுக்கும் பஞ்சு வைத்து பேண்டேஜ். நல்ல காலுக்கும் ஏன் என்று தம்பி கேட்டான். நோகிற காலைத் தூக்கி வைக்கும் குதிரை மொத்தக் கனத்தையும் நல்ல காலில்தான் போடுகிறது.

தீனியையும் மாற்றினேன். வேலை செய்த நாளில் தினம் இரண்டு கிலோ கொள்ளு. வேலையில்லாமல் அதே அளவு போட்டால் உடம்பில் சேரும் முறுக்கு லாயத்துக்குள் துள்ளலாக வெளிவரும், கால் கெடும். அரைக் கிலோவாகக் குறைத்து, குதிரைமசாலும் சோளத்தட்டும் கொடுத்தேன். கோ-4 புல் எங்களிடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; மாட்டுக்குப் பரவாயில்லை, குதிரைக்கு அதுவே முழுத்தீனி ஆனால் எலும்பு கெடும். குதிரைமசால் அந்தக் கால்சியத்தையும் கொடுக்கும், புரதத்தையும் கொடுக்கும். பேரிலேயே குதிரை இருக்கிறது, நம் ஆட்கள் ஆட்டுக்குத்தான் போடுகிறார்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து கையில் பிடித்து நடை, காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம். ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வைகாசியில் ஒரு நாளைக்கு 40 நிமிடம். இது எங்கள் டாக்டர் இவளுடைய ஸ்கேனைப் பார்த்துப் போட்ட கணக்கு. இன்னொரு குதிரைக்கு இன்னொரு கணக்கு வரும். வைகாசி ஸ்கேனில் கறுப்பு ஓட்டை மங்கி, கோடு கோடாக நார் ஓட ஆரம்பித்திருந்தது.

கால் தேறுகிறது. ஆனால் குதிரையின் உடம்பு போய்விட்டது. அன்றைக்கு அவளைக் குளிப்பாட்டும்போதுதான் முழுசாகப் பார்த்தேன். முதுகெலும்பு நடுவில் வரப்பு மாதிரி நின்றது, இரண்டு பக்கமும் சதை வற்றிப் பள்ளம். தொடையின் உள்பக்கம் காலியாக இருந்தது. வயிறு தொங்கியது. இந்த முதுகில் நான் ஏறி உட்கார்ந்தால் முன்னங்கால்தான் மறுபடி அடிவாங்கும். பின்பக்கமும் முதுகும் தாங்காத கனம் முழுக்க முன்னால்தான் போகும்.

அளந்து வைத்துக்கொள்ளாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தையல்காரர் டேப் ஒன்று 20 ரூபாய். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 160 செ.மீ. தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரை நீளம் 148 செ.மீ. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் கிலோவில் ஏறக்குறைய எடை வரும். 319 கிலோ. 14 கை (ஒரு கை நான்கு அங்குலம்) உயரக் குதிரைக்கு இது ரொம்பக் குறைவு.

முதுகின் வடிவத்தை அளக்க, வரைபடம் போடுகிற மாணவர்கள் வைத்திருக்கும் வளைகிற ஸ்கேல் வாங்கினேன், 60 செ.மீ., 260 ரூபாய். உள்ளே ஈயக் கம்பி, மேலே ரப்பர். கடைசி விலா எலும்புக்கு நேராக முதுகின் குறுக்கே வைத்து அமுக்கினால் முதுகின் உருவம் அதில் அப்படியே நிற்கும். அசையாமல் எடுத்துப் பழுப்புக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து, தேதி போட வேண்டும். வைகாசி மாதக் கோடு ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி கூராக இருந்தது. அந்தக் காகிதம் இன்னும் லாயச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மாதம் ஒரு கோடு, ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

முதல் வேலை கேரட். அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஹிலரி கிளேட்டன் குழுவினர் எட்டுக் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. கேரட்டைக் காட்டிக் கழுத்தை வளைக்க வைக்கும் பயிற்சி, வாரம் ஐந்து நாள், மூன்று மாதம். முதுகெலும்பை ஒட்டி உள்ளே ஓடும் சிறு தசை தடித்ததை ஸ்கேனில் அளந்து காட்டினார்கள். ஏறவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், நின்ற இடத்தில் செய்யலாம் என்பதால் எங்களுக்கு அது கிடைத்தற்கரிய வழி.

செய்முறை இது. குதிரையை நாலு காலிலும் சமமாக, சுவர் ஓரமாக நிறுத்த வேண்டும். கேரட்டை நெஞ்சுக்கு, அப்புறம் முன்முட்டிகளுக்கு நடுவே, அப்புறம் குளம்புக்கு மேலே என்று மூன்று இடம். அப்புறம் பக்கவாட்டில் விலாவுக்கு, இடுப்புக்கு, பின்னங்கால் முட்டிக்கு, இரண்டு பக்கமும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து எண்ணும்வரை மூக்கு அங்கேயே இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஐந்து முறை. முதலில் வெல்லக்கட்டி வைத்துப் பார்த்தேன், வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு தலையைத் தூக்கிவிட்டாள். வெடுக்கென்று திரும்பினால் தசைக்கு வேலையே இல்லை. ஊட்டிக் கேரட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நுனியை மட்டும் கடிக்கவிட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போனபோதுதான் சரியாக வந்தது. முதல் வாரம் வலது இடுப்புக்கு மூக்கு வரவே இல்லை, பின்னங்காலைத் தூக்கி வைத்து உடம்பையே திருப்பினாள். மூன்றாவது வாரம் வந்தாள். ஐந்தாவது வாரத்தில், நெஞ்சுக்கு மோவாயை இழுக்கும்போது தோளுக்குப் பின்னால் முதுகு மேலே எழும்புவதைக் கையை வைத்து உணர முடிந்தது.

இத்தோடு பின்னோக்கி நாலு அடி நடக்க வைப்பது, வயிற்றின் நடுக்கோட்டில் விரல் நுனியால் அழுத்தி முதுகைத் தூக்க வைப்பது இரண்டும் உண்டு. வயிற்றை அழுத்தும்போது பின்னங்காலுக்கு எட்டாத இடத்தில் தோளை ஒட்டி நில்லுங்கள். எவ்வளவு சாதுவான குதிரையும் அந்த இடத்தில் ஒரு முறையாவது காலை வீசும்.

இப்போது முதல் தவறு. ஆனியில் டாக்டர் கொஞ்சம் ட்ராட்டுக்கு அனுமதி கொடுத்தார், நேர்கோட்டில் இரண்டு நிமிடம் என்று. நேர்கோட்டில் என்ற சொல்லை நான் காதில் வாங்கவில்லை. வீடியோக்களில் பார்த்ததுபோல வயிற்றுவாரிலிருந்து கடிவாளத்துக்கு இரண்டு பக்கமும் நைலான் கயிறு கட்டினேன், தலை கீழே வந்தால் முதுகு எழும்பும் என்று நினைத்து. வட்டத்தில் ஓட்டினேன். பார்க்க அழகாக, கழுத்தை வளைத்துக்கொண்டு ஓடினாள். மூன்று வாரம் இப்படியே போனது.

முதுகுக் கோடு ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. தம்பி எடுத்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மூக்கு நெஞ்சுக்குள் இழுபட்டிருக்கிறது, முதுகு குழிந்திருக்கிறது, பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வராமல் பின்னாலேயே மிதிக்கிறது. கழுத்தின் அடிப்பக்கத் தசைதான் தடித்திருந்தது. கயிற்றுக்கு எதிராக முட்டிக்கொண்டே ஓடியிருக்கிறாள். மூன்றாவது வாரக் கடைசியில் இடது முன்னங்காலில் சூடு தெரிந்தது. சின்ன வட்டத்தில் சுற்றினால் காலுக்குச் சுமை அதிகம், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுபடி ஐஸ், மறுபடி கைநடை. 16 நாள் போயிற்று. நல்லவேளை, ஸ்கேனில் புதிய ஓட்டை இல்லை. அந்த 16 நாளும் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

வழி காட்டியவர் ஊரில் முன்பு ஜட்கா ஓட்டிய பெரியவர். எண்பதை நெருங்கும் வயது. லாயத்துப் பக்கம் வந்தவர் கட்டியிருந்த காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங் அம்மணி, நோவுபட்ட காலை வட்டத்துல சுத்த வுட்டா எப்படிங் ஆறும்? இது வண்டி இழுத்த குதிரைங். பின்னால நின்னு லகானைப் புடிங்க, அதுபாட்டுக்கு நேராப் போகும்.”

இத்தனை மாதத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. நான்கு செ.மீ. அகல நைலான் பட்டை 16 மீட்டர், 640 ரூபாய். இரண்டாக வெட்டி, பக்கத்துக்கு எட்டு மீட்டர் லகான். வயிற்றுவாரின் பக்க வளையங்கள் வழியாக விட்டு, கடிவாளத்தில் மாட்டாமல் தலைவாரின் பக்க வளையங்களில் மாட்டினேன். பெரியவர் முதல் நாள் பிடித்துக் காட்டினார். தடப்பள்ளி வாய்க்கால் கரை எங்கள் தோட்டத்தை ஒட்டிப் போகிறது, கொடிவேரி அணையிலிருந்து வரும் வாய்க்கால். கரையில் வண்டித்தடம், ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மேடுபள்ளமில்லாத மண்பாதை. கல்யாணி காதை முன்னால் நீட்டிக்கொண்டு, தலையைத் தானாகத் தாழ்த்தி நடந்தாள். முதுகில் ஆள் இல்லை, வாயில் இழுப்பு இல்லை, பின்னால் தெரிந்த குரல். அவள் பழகிய வேலை அது. பின்னங்கால் குளம்பு முன்னங்கால் விட்ட தடத்தில் போய் விழ ஆரம்பித்தது ஆடி 20ஆம் தேதி என்று நோட்டில் இருக்கிறது. நடை 30 நிமிடம், அதற்கிடையில் அரை நிமிட ட்ராட் நாலு முறை. ஐந்து வாரத்தில் ட்ராட் மொத்தம் எட்டு நிமிடத்துக்கு வந்தது.

ஆவணியில் கம்புகள். முதலில் பிவிசி குழாய் வாங்கி மணல் நிரப்பி இரண்டு பக்கமும் மூடி போட்டேன், 1,400 ரூபாய். வழவழப்பாக இருக்கிறதே என்று நினைத்தேன். கெட்டதும் அதுதான். குளம்பு மேலே பட்டதும் உருண்டது, அவள் கால் பிசகப் பார்த்தது. அன்றே எடுத்துவிட்டேன். சவுக்குக் கம்பு எட்டு, ஒவ்வொன்றும் பத்து அடி, கைப்பிடி கொள்ளாத கனம், 120 ரூபாய் வீதம். இரண்டு முனைக்கும் பழைய டயரில் வெட்டிய துண்டில் பள்ளம் போட்டு உட்காரவைத்தேன். உருளாது, தட்டினால் சத்தம் கேட்கும். சத்தம் வேண்டும். குதிரைக்கும் அது தெரிய வேண்டும், எண்ணுகிற எனக்கும் தெரிய வேண்டும்.

கம்புகளுக்கு இடைவெளியைப் புத்தகக் கணக்கில் வைக்காதீர்கள். அவை பெரிய குதிரைகளுக்கு எழுதப்பட்டவை. மண்ணைச் சீவிச் சமமாக்கி, குதிரையை அதன்மேல் நேராக நடத்தி, ஒரே காலின் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடம் வரை அளந்து பாதியாக்குங்கள். கல்யாணிக்கு நடையில் 72 செ.மீ. வந்தது, ட்ராட்டில் 112. இன்றைக்கு 80ம் 120ம். அந்த எட்டுச் செ.மீ. எனக்கு எடையைவிடப் பெரிய கணக்கு.

முதல் நாள் நாலு கம்பு, நடையில் ஆறு முறை. பதினொரு தட்டு. அதில் எட்டு வலது பின்னங்கால். அடிபட்டது இடது முன்னங்கால். அதற்குக் குறுக்கே உள்ள பின்னங்கால் இத்தனை மாதமும் சோம்பிப்போயிருக்கிறது. இதை நான் கண்ணால் கண்டுபிடித்திருக்க மாட்டேன், கம்பு சொன்னது. ஒரு மாதம் தரையிலேயே வைத்தேன். பிறகு ஒன்றுவிட்டு ஒன்று ஒரு முனையை மட்டும் 10 செ.மீ. தூக்கினேன், பிறகு 15. வாரம் மூன்று நாளுக்குமேல் செய்யவில்லை. கம்பு தாண்டின மறுநாள் வெறும் நடைதான்.

இனிப் பட்டை. இதைப் பற்றித்தான் அதிகம் எழுத ஆசை.

வெளிநாடுகளில் சேணத்துக்கு அடியில் போடும் விரிப்போடு சேர்த்து ரப்பர் பட்டை கட்டுகிறார்கள். ஒன்று தொடைகளைச் சுற்றிப் பின்னால், ஒன்று வயிற்றுக்கு அடியில். லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியினர் நாலு வாரம் இந்தப் பட்டையோடு ஓட்டிய குதிரைகளின் முதுகு, ட்ராட்டில் பக்கவாட்டில் ஆடுவதும் திருகுவதும் குறைந்ததை அளந்து 2017இல் வெளியிட்டார்கள். வரவழைத்தால் வரியோடு சேர்த்து எங்கள் கைக்கு எட்டாத விலை. தேவை ரப்பரும் கொக்கியும்தானே என்று துணிந்தேன்.

இரண்டாவது தவறு இங்கேதான். ஐப்பசியில், சைக்கிள் டியூப்பை வெட்டி, வயிற்றுவாரில் முடிச்சுப் போட்டுத் தொடையைச் சுற்றிக் கட்டினேன். நின்றபோது சரியாக இருந்தது. பத்தடி நடந்ததும் டியூப் மேலே ஏறி வாலுக்கடியில் போயிற்று. கல்யாணி வாலை இறுக்கினாள், டியூப் இன்னும் உள்ளே மாட்டியது. இரண்டு காலையும் தூக்கி உதைத்துவிட்டு ஓடினாள். முடிச்சை அவிழ்க்க வழியில்லை. தோட்டத்தை இரண்டு சுற்று சுற்றி, வேலி ஓரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றவளைக் கத்தியால் அறுத்துத்தான் விடுவித்தேன். தொடையின் உள்பக்கம் தோல் உராய்ந்து ரத்தம் கசிந்தது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் எதையாவது எடுத்துப்போனாலே விலகி நிற்கும் பயம் போக 18 நாள் ஆயிற்று. தினம் ஒரு மெத்தென்ற துண்டை எடுத்துத் தொடையைத் துடைத்து, கேரட் கொடுத்து, துண்டைப் பின்னால் சுற்றிப் பிடித்து இரண்டு அடி, நாலு அடி என்று நடக்க வைத்துத்தான் சரியானது. அந்தத் துண்டு வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை செய்தது இப்படி. கார் சீட் தைக்கும் கடையில் கேன்வாஸ் பட்டைக்கு அடியில் அரை அங்குல ஃபோம் வைத்து வயிற்றுவாரும், அதிலிருந்து பின்னால் நீளும் விரிப்பும் தைக்கச் சொன்னேன். நடு முதுகெலும்பின் மேல் எதுவும் அழுத்தக் கூடாது, அதனால் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டுத் தைத்தார். 1,850 ரூபாய். விரிப்பின் பின் ஓரத்தில் இரண்டு வளையம். பட்டைக்கு, பிசியோதெரபியில் கை கால் பயிற்சிக்குக் கொடுக்கும் அகல ரப்பர். நிறத்துக்கு நிறம் இழுவை மாறும். மஞ்சள் லேசு, சிவப்பு அதற்கு மேல், பச்சை இன்னும் கெட்டி. 15 செ.மீ. அகலத்தை மூன்றாக மடித்து, காட்டன் துணியில் தளர்வாக உறை தைத்தேன், வெறும் ரப்பர் முடியைப் பிடித்து இழுக்கும். முனைகளில் நாய்ச் சங்கிலிக் கொக்கி. கொக்கிக்கும் விரிப்பு வளையத்துக்கும் நடுவே ஒற்றைச் சணல் கயிற்றில் ஒரு கண்ணி. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் முதலில் அறுவது சணலாக இருக்க வேண்டும். இதை எழுதும்போது அடிக்கோடு போடத் தோன்றுகிறது.

பட்டை உட்காரும் இடம், புட்டத்து முனைக்குக் கீழே, தொடைச் சதை தடித்திருக்கும் நடுப்பகுதி. மேலே போனால் வாலில் மாட்டும், கீழே போனால் பின்முட்டியில் இடிக்கும். கல்யாணிக்கு வளையத்திலிருந்து வளையம் வரை அந்தப் பாதை 210 செ.மீ. 30 சதவீதம் இழுத்துக் கட்டலாம் என்பதால் 210ஐ 1.3 ஆல் வகுத்து 162 செ.மீ. பச்சைப் பட்டை வெட்டினேன். அதிகம். அடி குறுகியது, இடுப்பை இறுக்கிக்கொண்டு நடந்தாள். சிவப்புக்கு மாறி, 15 சதவீத இழுப்புக்கு 183 செ.மீ. வைத்ததும் முகம் தளர்ந்தது. பட்டை அவளை இழுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு அடிக்கும் தொடையைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். தொடும் இடத்தைத் தள்ளிக்கொண்டு கால் தானாக உள்ளே வருகிறது. அந்த நாளிலிருந்து எந்தச் சாதனத்தையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: குதிரையை அது ஒரு நிலையில் கட்டிப்போடுகிறதா, தானே வேலை செய்ய நினைவுபடுத்துகிறதா.

முதல் வாரம் ஐந்து நிமிடம், வெறும் நடை, வாரம் மூன்று நாள். பிறகு வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டினேன். 20 நிமிடத்துக்கு மேல் போனதே இல்லை. களைத்த தசை பட்டைக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடும், குதிரை வேறு தசையை வைத்துச் சமாளிக்கப் பழகும். எப்படித் தெரியும் என்றால், அவள் வலது பின் குளம்பின் நுனி மண்ணைக் கீறும். வாய்க்கால் கரைப் பாதையில் அந்தக் கோடு சுத்தமாகத் தெரியும். கோடு விழுந்தால் அங்கேயே கழற்றிவிட்டு, கையில் பிடித்து வீட்டுக்கு. மார்கழியில் வயிற்றுப் பட்டையையும் சேர்த்தேன். கூச்சம் உள்ள இடம், நான்கு நாள் வெறுமனே தொங்கவிட்டுப் பழக்கினேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பது அதற்குப் பிறகு நன்றாகவே தெரிந்தது.

வியர்வை உப்பு ரப்பரைத் தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, முகப்பவுடர் தடவி வைத்தேன். அப்படியும் ஆறு வாரத்தில் ஓரத்தில் கீறல் வந்தது. கீறல் வந்த பட்டையை ஒரு நாள்கூடப் போடக் கூடாது, அறுந்தால் குதிரைமேல் சாட்டையடி. ஒரு செட் 920 ரூபாய், இதுவரை இரண்டு செட்.

மொத்தக் கணக்கு: பயன்பட்ட சாமான்களுக்குக் கொக்கி 180 ரூபாயும் சேர்த்து 5,750. குழாய், டியூப், நைலான் கயிறு என்று வீணானது 1,940. கேரட் வாரம் சுமார் நூறு ரூபாய். ஸ்கேனும் வண்டி வாடகையும் மருந்தும் இதைவிடப் பல மடங்கு, அதை இதில் சேர்க்கவில்லை.

இந்த மாத அளவு: மார்பு 167 செ.மீ., எடைக் கணக்கு 348 கிலோ. தீனியாலும் எடை ஏறும், அதனால் அதை மட்டும் நான் நம்பவில்லை. முதுகுக் கோடு சொல்கிறது. கடைசி விலாவுக்கு நேராக, நடுவிலிருந்து 8 செ.மீ. தள்ளி, வைகாசிக் கோட்டுக்கும் பங்குனிக் கோட்டுக்கும் இடையே ஒன்றரைச் செ.மீ. உயரம். கூரை மாதிரி இருந்தது இப்போது கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கிறது. தை மாத ஸ்கேனில் நார்கள் நீளவாக்கில் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் முதுகில் ஏற அனுமதித்தார். முதல் சவாரி பத்து நிமிடம், நடை மட்டும். அன்று பட்டை இல்லை.

மறுபடி செய்ய நேர்ந்தால், கேரட்டை லாய ஓய்வு நாளிலேயே டாக்டரிடம் கேட்டு ஆரம்பிப்பேன், அவளுடைய முதுகு அத்தனை வற்றும்வரை காத்திருக்க மாட்டேன். கயிறு, டியூப் இரண்டையும் தொடவே மாட்டேன். லகானைப் பிடித்துப் பின்னால் நடப்பதை, வட்டத்துக்குப் பதிலாக முதல் நாளிலிருந்தே செய்வேன். வீடியோவை வாரம் ஒரு முறை ஒரே இடத்தில் ஸ்டூல் போட்டு, ஒரே உயரத்தில் எடுப்பேன். எங்களுடைய முதல் மூன்று மாத வீடியோக்கள் ஆளுக்கொரு கோணத்தில் இருப்பதால் ஒப்பிட முடியவில்லை.

வலது பின்னங்கால் இன்னும் முழுசாகச் சேரவில்லை. டேப்பில் இடது தொடையைவிட ஒரு செ.மீ. குறைவு. வாய்க்கால் கரையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் சரிவு ஒன்று இருக்கிறது, 25 அடி நீளம். பட்டை இல்லாமல், நடையில், அதில் நேராக ஏறவைத்துப் பார்க்கப் போகிறேன், முதல் வாரம் மூன்று முறை. நேற்று மாலை சும்மா ஒரு முறை ஏற்றினேன். மேலே வந்து நின்று, திரும்பிப் பார்த்து, கேரட் எங்கே என்று என் சட்டைப்பையை முகர்ந்தாள்.